பொழுதோட ஒரு கட்டிங்: அறுபதைத் தாண்டியவர்கள் குடிக்குள் எப்படிப் போகிறார்கள்?

வந்த கேள்வி இது: “அப்பாவுக்கு 69 வயது. காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தனியாக இருக்கிறார். அம்மா போய் ஒன்றரை வருஷம். நோம்பி, கெடாவெட்டு என்றால் மட்டும் கொஞ்சம் குடிப்பவர், இப்போது தினமும் ஒரு குவார்ட்டர் என்று பண்ணையத்தாள் சொல்கிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், தூக்க மாத்திரையும் உண்டு. இரண்டு மாதத்தில் இரண்டு தடவை விழுந்திருக்கிறார். அண்ணன் பெங்களூரில், நான் கோவையில். இந்த வயதில் ஒருவர் புதிதாகக் குடிக்கு அடிமை ஆவாரா? யாருக்கெல்லாம் இப்படி ஆகிறது? கோவைக்கே கூட்டி வந்துவிட்டால் சரியாகுமா?”

ஆவார் அம்மிணி. அரசு மருத்துவமனையில் 27 வருஷம் நர்ஸாக இருந்தேன். அதில் கடைசி ஒன்பது வருஷம் குடியை நிறுத்த வருகிறவர்கள் வார்டு. உங்கள் அப்பாவைப் போன்றவர்களை அங்கே நிறையப் பார்த்தேன். சொக்காய்ப் பையில் கண்ணாடிக் கூடும் பேனாவுமாக வருவார்கள். எதிரில் நின்றால் எழுந்து கும்பிடுவார்கள். குடிகாரர் என்றால் நம் மனதில் வருகிற உருவத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால்தான் வீட்டாருக்கும் தெரிவதில்லை, டாக்டரும் கேட்பதில்லை.

குடிப் பிரச்சினையோடு வரும் முதியவர்களை மருத்துவத்தில் இரண்டாகப் பிரிப்பார்கள். வாலிபத்திலிருந்து குடித்து, எப்படியோ ஈரல் தாங்கி, இந்த வயது வரை வந்து சேர்ந்தவர்கள் ஒரு பக்கம். ஆயுசு முழுக்கக் கட்டுக்குள் இருந்துவிட்டு அறுபதை ஒட்டி மாட்டிக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம். ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த இரண்டாம் கூட்டம். முதல் கூட்டத்துக்குப் பெரும்பாலும் தாத்தன், அப்பன் என்று வழிவழியாக வந்த நாட்டம் இருக்கும், பழைய சண்டை, வேலை போன கதை எல்லாம் கூடவே வரும். இரண்டாம் கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினால் ஏதோ ஒன்று கைவிட்டுப் போன தேதி கிடைக்கும். பெண்டாட்டி இறந்த தேதி, மில்லில் கணக்கு முடித்த தேதி, கடைசி ஜோடி மாட்டைச் சந்தைக்கு ஓட்டிய தேதி. இவர்களுக்குச் சிகிச்சை நன்றாகவே பலிக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இளவயசுக்காரர்களைவிட வயதானவர்கள் சொன்னதைக் கேட்டு, சொன்ன தேதிக்கு வருவார்கள்.

கோபி பக்கத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “பகலெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வாய்க்கா வரப்புன்னு போயிருமுங்க. பொழுதோட ஆனாத்தான் வெசனம் வந்து குக்கிக்குதுங்க.” வெசனம் என்றால் கவலை, குக்கிக்குது என்றால் உட்கார்ந்துகொள்கிறது. பொழுதோட என்று நம் ஊரில் சொல்வது சாயங்காலத்தை. ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை. ஒரு முதியவர் குடியில் விழுவாரா மாட்டாரா என்பதை, என் அனுபவத்தில், அந்த மூன்று மணி நேரம்தான் தீர்மானிக்கிறது. ஆபத்துக் காரணிகள் என்று பாடப் புத்தகம் வரிசைப்படுத்துகிற எல்லாமே அந்த நேரத்தில்தான் வந்து கூடும்.

உங்கள் அம்மா இருந்தபோது அந்த மூன்று மணி நேரம் எப்படி இருந்திருக்கும்? பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்தால் காபி. பிறகு ஏதாவது ஒரு வாக்குவாதம், கட்டுத்தரையில் ஒரு வேலை, எட்டு மணிக்குச் சூடாகச் சோறு, சோற்றுக்கு முன்னால் ஒரு மாத்திரை, பின்னால் ஒன்று. குடித்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள். மனைவியை இழந்த ஆண்களுக்கு ஆபத்து கூடுதல் என்று சொல்வதற்கு இதுதான் அர்த்தம். துக்கம் மட்டும் போதாது. கணக்கு வைத்திருந்த ஆளும் இல்லை, சோறு போட்ட ஆளும் இல்லை, நாளுக்கு ஒரு முடிவு வைத்த ஆளும் இல்லை. நம் பக்கத்து ஆண்களுக்குப் பெரும்பாலும் அடுப்புப் பழக்கம் கிடையாது. வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, இரண்டு வடையோ பார் சுண்டலோ தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். நாலைந்து மாதம் இப்படிப் போனால் உடம்பில் வைட்டமின் பி1 வற்றிவிடும். அதனால் வரும் தள்ளாட்டத்தையும் மறதியையும் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுகிறோம்.

விவசாயிக்கு ரிட்டயர்மென்ட் இல்லை என்பார்கள். இருக்கிறது. அது சத்தமில்லாமல் வரும். முன்பு ராத்திரி கரண்டு எப்போது வருகிறதோ அப்போது எழுந்து போய் மோட்டார் போட வேண்டும். இப்போது பெங்களூரில் இருக்கும் பையன் போனிலேயே பட்டனை அழுத்துகிறான். சொட்டு நீர் போட்டாயிற்று, தென்னைக்கு மடை கட்டப் போக வேண்டாம். மாட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மாட்டை விற்றாயிற்று. பிள்ளைகள் நல்லது என்று நினைத்துச் செய்தவைதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்த மனிதர் கையிலிருந்து ஒரு வேலையைப் பிடுங்கியது. திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடமாநிலமெல்லாம் சுற்றியவர்கள், நாமக்கல் லாரிக்காரர்கள், கோவை மில் ஆட்கள், இவர்களுக்கு அது ஒரே நாளில் நடக்கும். முப்பது வருஷம் ஊரில் இல்லாதவர் திடீரென்று திண்ணையில் உட்காருகிறார். பேரப்பிள்ளைக்கு அவர் யாரோ. ரிக் வண்டியிலும் லாரியிலும் இருந்த காலத்தில் ராத்திரி ஒரு கட்டிங் என்பது வேலையோடு சேர்ந்தது. வேலை போன பிறகு கட்டிங் மட்டும் மிஞ்சியது.

இதோடு கையில் காசும் சேர்ந்தால் வேகமாகும். பி.எஃப். பணம், நிலம் விற்ற பணம். பைபாஸ் வரும், லேஅவுட் போடுகிறார்கள் என்று ரெண்டு ஏக்கரைக் கொடுத்தவர் கையில் திடீரென்று ஒரு தொகை, கூடவே கூட்டாளிகள். சாயங்காலம் கடை வாசலில் பங்கு போட ஆள் தேடுகிற கூட்டம் இந்த மாதிரிப் பெரியவர்களை மோப்பம் பிடித்துவிடும். தனிமையில் குடிப்பவர், கூட்டத்தில் குடிப்பவர் என்று இரண்டு தரப்பு உண்டு. எனக்குத் தனியாகக் குடிப்பவரைப் பற்றித்தான் பயம் அதிகம், விழுந்தால் தூக்க ஆள் இல்லை.

உங்கள் அப்பா ‘நோம்பிக்கு மட்டும் குடிப்பவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தலைமுறையைப் பற்றி ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில்தான், இன்றைய நாமக்கல்லும் அதற்குள் வரும். பிறகு மாகாணம் முழுக்க வந்தது. ஆகவே இன்று எழுபதைத் தொடுகிறவர்களின் அப்பாக்கள் குடித்தது ஒளிந்து மறைந்து. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தபோது இவர்கள் மீசை முளைக்காத பையன்கள். இடையில் மூடியும் திறந்தும் ஓடி, 1983இல் டாஸ்மாக் வந்து, 2003இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. கடையே இல்லாத ஊரில் பிறந்து, நடந்து போகிற தூரத்தில் கடை இருக்கும் ஊரில் கிழவரானவர்கள் இவர்கள். இவர்களில் பலருக்கு இருபது வயதில் ஒரு குடிக்காலம் இருந்து, கல்யாணம், பிள்ளை, பண்ணையம் என்று வந்ததும் தானாக அடங்கியிருக்கும். பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. கட்டியிருந்த கயிறுகள் அவிழும்போது பழையது திரும்பும். உங்கள் அப்பாவின் பங்காளிகளில் மூத்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

இனி அளவுக்கு வருகிறேன். ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்று எல்லோரும் சொல்கிற இடம் இது.

நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுத்தமான ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 7 அளவுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்காவின் தேசிய மது ஆய்வு நிறுவனம் சொல்லிவந்தது. அவர்கள் கணக்கில் ஓர் அளவு 14 கிராம், ஆக வாரம் முழுக்க 98 கிராம். இரண்டாவது குவார்ட்டர் முக்கால் காலியாவதற்குள் அந்த வாரக் கணக்கு முடிந்துவிடும். உங்கள் அப்பா வாரத்துக்கு 420 கிராம் குடிக்கிறார். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது வேறு.

அதே குவார்ட்டர் முப்பது வயதில் செய்ததை எழுபதில் செய்யாது. இள வயது ஆணின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர், வயதாகும்போது அது 50ஐ ஒட்டி வந்துவிடும். ஆல்கஹால் தண்ணீரில்தான் கரைந்து பரவும், கொழுப்பில் சேராது. குடம் சின்னதானால் அதே கரண்டி உப்பு கூடுதலாகக் கரிக்கிறதல்லவா, அது மாதிரி. ஈரலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைந்திருக்கும், ஆகவே இறங்கவும் நேரமாகும். “நான் அளவைக் கூட்டவே இல்லீங்க, நாப்பது வருஷமா அதே கட்டிங்தான்” என்று சத்தியம் செய்கிற பெரியவர்கள் பொய் சொல்வதில்லை. அளவு மாறாவிட்டாலும் உடம்பு மாறிவிட்டது.

மாத்திரைகள்தான் எனக்கு இந்தக் கேள்வியில் தூக்கிவாரிப் போட்ட இடம். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை எழுதியிருந்தால் அது கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்கச் செய்யும். சாப்பிடாமல் குடித்தால் ஈரல் தன் பங்குக்குச் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்திவிடும். இரண்டும் சேர்ந்தால் விடியற்காலையில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கும். வேர்த்துக் கொட்டும், நாக்குக் குழறும், கால் தள்ளாடும், கூப்பிட்டால் சரியாகப் பதில் வராது. பார்ப்பவர் என்ன நினைப்பார்? ‘போதை இன்னும் தெளியலை, தூங்கட்டும்’ என்று போர்வையை இழுத்து விட்டுப் போய்விடுவார். அந்தத் தூக்கத்திலிருந்து எழாதவர்கள் உண்டு. பண்ணையத்தாளிடம் இதைத் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: காலையில் அப்படி இருந்தால் உடனே குளுக்கோமீட்டர், அல்லது முழிப்பாக இருந்தால் சர்க்கரைத் தண்ணீர், பிறகு 108.

தூக்க மாத்திரை எப்போது வந்தது என்று விசாரியுங்கள். அநேகமாக அம்மா இறந்த பதினைந்தாம் நாள் உள்ளூர் டாக்டர் பரிதாபப்பட்டு எழுதியிருப்பார், பிறகு அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருந்திருப்பார். அல்பிரசோலாம் வகையும் மதுவும் மூளையின் ஒரே கதவைத் தட்டுகிறவை. இரண்டும் சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். குடித்தால் தூக்கம் வருகிறது என்பது பாதி உண்மை. சீக்கிரம் கண் மூடும். ஆனால் இரண்டு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துவிடும், ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும், பிரஷர் மாத்திரையால் எழுந்ததும் தலை சுற்றும், சாளைக்கு வெளியே இருக்கும் பாத்ரூமுக்கு இருட்டில் நடப்பார். இரண்டு தடவை விழுந்தார் என்றீர்களே, எத்தனை மணிக்கு என்று கேட்டீர்களா?

விழுந்ததில் தலையில் அடிபட்டதா என்பதையும் கேளுங்கள். வயதாகி மூளை சற்றுச் சுருங்கியிருப்பவருக்கு, அதிலும் குடிப்பவருக்கு, சின்ன அடியிலும் மண்டை ஓட்டுக்கு அடியில் ரத்தம் மெதுவாகக் கசிந்து சேரும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்துத் தலைவலி, பேச்சில் குழப்பம், ஒரு பக்கம் கால் இழுப்பது என்று வரும். ஒரு சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப் போடவே வேண்டாம்.

வலியைச் சொல்லாமல் விட்டால் கொங்குநாட்டுக் கதை முழுமையாகாது. தறி ஓட்டிய இடுப்பு, மம்பட்டி பிடித்த தோள், முட்டி. பகலில் வலி மாத்திரை, ராத்திரி பிராந்தி. இந்த இரண்டும் இரைப்பைக்குள் சந்தித்தால் ரத்தக் கசிவு வரும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனால் அதுதான். வலிக்கு ஒழுங்கான வைத்தியம் கிடைத்ததும் பாதிக் குடி தானாகக் குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சோமனூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். 72 வயது. ஆயுசுக்கும் விசைத்தறி. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். முதல் நாள் நன்றாக இருந்தார். இரண்டாம் நாள் கை நடுங்கியது, குளிர் என்று போர்த்திவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி என்னை அந்த வார்டுக்குக் கூப்பிட்டார்கள். கட்டிலில் உட்கார்ந்து, ட்ரிப் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, காற்றில் எதையோ இரண்டு விரலால் பிடித்துப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தார். மகன் தலையில் கை வைத்து நின்றான். “பெரியவருக்குப் புத்தி பெசகிருச்சுங்க.” நான் அந்த விரல்களையே பார்த்தேன். அறுந்த பாவு இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தார். ஒரு இழையைப் பிணைத்து, எச்சில் தொட்டுத் தேய்த்து, அடுத்ததைத் தேடினார். குடி திடீரென்று நின்றால் இரண்டு மூன்று நாளில் வரும் ஜன்னி அது. அதில் மனிதர்கள் தங்கள் தொழிலைச் செய்துகொண்டிருப்பார்கள்.

“தினமும் குடிப்பாரா?” என்று கேட்டேன். “அப்பாவுங்களா? எப்பவாச்சும் எழவு வீட்டுக்குப் போனா.” மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே கூட்டிப் போய்க் கேட்டேன். தறிக்கூடத்தில் தார்க்குச்சி (ஊடை நூல் சுற்றும் குச்சி) போட்டு வைக்கிற தகர டப்பாவின் அடியில் எப்போதும் ஒரு பாட்டில் இருக்கும் என்றாள். மூன்று வருஷமாக அவளுக்குத் தெரியும். “மாமனாரைப் பத்தி நான் எப்படீங்கக்கா சொல்றது?” முதலில் பி1 ஊசி, அதன் பிறகு குளுக்கோஸ், மெதுவாக மருந்து. ஐந்தாம் நாள் தெளிந்து காபி கேட்டார். அட்மிஷன் அன்று யாராவது ஒரு வாய்ச் சொல் சொல்லியிருந்தால் அந்த மூன்று ராத்திரி வந்திருக்காது.

ஆகவே முக்கியமாகச் சொல்கிறேன்: தினமும் குடிப்பவரை நீங்களாக வீட்டில் வைத்து ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பாட்டிலைப் பிடுங்கிக் கிணற்றில் போடுவது பார்க்க வீரமாக இருக்கும். காலையில் டம்ளர் பிடிக்கும்போது கை நடுங்குகிறது, ஒரு வாய் உள்ளே போனால் நடுக்கம் நிற்கிறது என்றால், நிறுத்துவது டாக்டர் பார்வையில்தான் நடக்க வேண்டும்.

இன்னொரு ஆபத்துக் காரணி எந்தப் படிவத்திலும் இருக்காது: நம் இரக்கம். “இந்த வயசுல அவுரு அனுபவிக்கறது வேறென்ன இருக்குது, குடிச்சுட்டுப் போவுட்டும் உடுங்க” என்று சொல்லாத குடும்பம் குறைவு. மிலிட்டரியில் இருந்து வந்த மாமா கேன்டீன் ரம் கொண்டுவந்து கொடுப்பார். வெளிநாட்டிலிருந்து வரும் மகன் டியூட்டி ஃப்ரீ பாட்டிலை அப்பாவுக்குச் சீர் மாதிரிக் கொண்டுவருவான். உங்கள் அண்ணனையும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார் என்றால். பெரியவரிடம் ‘குடிப்பீங்களா’ என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று டாக்டரே கூசுகிறார். சளி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்டு எழுதிய சீட்டில் இந்த ஒரு கேள்வி மட்டும் இருக்காது.

பெண்களைப் பற்றியும் இரண்டு வரி. வயதான பெண்களிடம் இது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. கூலி வேலைக்குப் போன அம்மாக்களில் உடம்பு வலிக்கு என்று ஆரம்பித்தவர்கள் உண்டு, வசதியான வீடுகளில் மாத்திரையோடு ஒயின் என்று போகிறவர்களும் உண்டு. பெண் உடம்பில் தண்ணீர் இன்னும் குறைவு, ஆகவே குறைந்த அளவிலேயே சேதம். ஆண்களைவிட ஆழமாக ஒளிப்பார்கள், அவர்களை யாரும் சந்தேகிப்பதும் இல்லை.

கோவைக்குக் கூட்டி வரலாமா? நான் உடனே சரி என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தில் அவருக்கு வேலியாவது உண்டு, நாயாவது உண்டு. நாலாவது மாடி ஃப்ளாட்டில் நீங்களும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பிறகு, காலை பத்திலிருந்து சாயங்காலம் ஆறு வரை அவருக்கு டி.வி. ரிமோட்டும் பால்கனியும்தான். நகரத்துக்கு வந்து குடி கூடியவர்களும் உண்டு, பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் பொறுப்பு கிடைத்ததும் அப்படியே விட்டவர்களும் உண்டு. வித்தியாசம் அந்தப் பொறுப்பில் இருக்கிறது. ‘சும்மா உட்காருங்கப்பா, நாங்க பார்த்துக்கறோம்’ என்பதற்காக மட்டும் கூட்டி வராதீர்கள். அதே நேரம், தோட்டத்துச் சாளைகளில் தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ராத்திரி பயம் என்று ஒன்று சமீப வருஷங்களில் கூடியிருக்கிறது. தோட்டத்து வீடுகளில் நடந்த கொலை, கொள்ளைகள்தான் காரணம், உங்களுக்கும் தெரியும். பயத்தால் தூங்காமல் குடிக்கிறவர்களும் உண்டு. அது அவர் விஷயத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எப்படிக் கேட்பது? ‘குடிக்கிறீங்களாமே’ என்று தொடங்கினால் அன்றோடு பேச்சு முடிந்தது. மகளிடம் மானம் போவதைவிட அவருக்குச் சாவது மேல். ‘நேத்து பொழுதோட என்னப்பா பண்ணீங்க, என்ன சாப்பிட்டீங்க, எப்பத் தூங்குனீங்க’ என்று ஒரு நாளைக் கேளுங்கள், குடி தானாக அதில் வந்து நிற்கும். மருத்துவர்கள் நான்கு கேள்வி கேட்பார்கள்: குறைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதுண்டா, மற்றவர்கள் சொன்னால் எரிச்சல் வருகிறதா, குற்ற உணர்ச்சி உண்டா, காலையில் எழுந்ததும் குடிக்க வேண்டியிருக்கிறதா? இரண்டுக்கு ஆமாம் என்றால் கவனிக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வயதானவர்களுக்கு ஒன்றே போதும் என்பது என் கணக்கு. துக்கம் மனச்சோர்வாக மாறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அம்மாவின் சேலை இன்னும் கொடியிலேயே கிடக்கிறதா, கறிச்சோறு பிடிக்கவில்லையா, ‘நானும் போயிட்டாப் பரவால்ல’ என்ற பேச்சு வருகிறதா? கடைசியாகச் சொன்னது வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மனச்சோர்வுக்கு மருந்து கொடுக்காமல் குடியை மட்டும் நிறுத்தப் பார்ப்பது வேரை விட்டுவிட்டுக் களையை வெட்டுவதுதான்.

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்’ என்று பவுடரும் மாத்திரையும் விற்கிறார்கள். அதில் டைசல்ஃபிரம் இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் சரிந்து, நெஞ்சு படபடக்கும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் சொல்லிச் சாப்பிடும் வாலிபனுக்கு அது மருந்து. பிரஷரும் சர்க்கரையும் உள்ள 69 வயதுக்காரருக்கு ரகசியமாகக் கலந்தால் மாரடைப்பில் முடியலாம்.

போக வேண்டிய இடம் அருகிலேயே இருக்கிறது. திருப்பூர், பெருந்துறை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, காசு கேட்க மாட்டார்கள். மனநலம் என்ற போர்டைப் பார்த்து அப்பா பின்வாங்கினால் ‘தூக்கத்துக்குக் காட்டலாம், விழுந்ததுக்கு ஸ்கேன் எடுக்கலாம்’ என்று சொல்லி அழைத்துப் போங்கள், அது பொய்யும் இல்லை. நேரில் போகும் முன் பேசிப் பார்க்க 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம். போதை மீட்புக்கு 14446. முதியோருக்கென்று 14567. வீட்டுக்கு வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்துப் பெண்மணியிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் வரும்போதெல்லாம் ஒரு கண் பார்த்துக்கொள்வார்.

பிறகு பொழுதோட நேரம். நீங்கள் தினமும் எத்தனை மணிக்கு அப்பாவுக்கு போன் செய்கிறீர்கள்? ஒன்பது மணிக்கு, வேலையெல்லாம் முடித்துவிட்டு என்றால் அதற்குள் பாட்டில் திறந்து மூடியாயிற்று. ஆறு மணிக்குச் செய்யுங்கள். ஆறேகாலுக்கு அண்ணன் செய்யட்டும். ஏழு மணிக்குள் சூடான சோறு வந்து சேர ஓர் ஏற்பாடு, பக்கத்துத் தோட்டத்து வீட்டிலோ பண்ணையத்தாள் வீட்டிலோ காசு கொடுத்து. வயிறு நிறைந்த மனிதருக்குக் குடிக்கத் தோன்றுவது குறைவு, குடித்தாலும் சேதம் குறைவு. ஒரு கன்றுக்குட்டி வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசியுங்கள், அவரால் முடியும் என்றால். சாயங்காலம் தண்ணி காட்ட, சோளத்தட்டுப் போட ஓர் உயிர் கட்டுத்தரையில் நின்றால், கடைக்குக் கிளம்புகிற நேரம் தள்ளிப் போகும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போகும்போது ஒரு துணிப்பை எடுத்துக்கொண்டு போங்கள். சாளையில் இருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும், காலியானதையும் சேர்த்து, அந்தப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தலையணைக்கு அடியிலும் மாடக்குழியிலும் பாருங்கள். திங்கட்கிழமை அந்தப் பையோடும் அப்பாவோடும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள்: “தினமும் ஒரு குவார்ட்டருங்க, ஒரு வருஷமா.”